மூச்சில் போய்விடும்

குப்பியை இருபது நொடி குலுக்க வேண்டும்,
வெண்பொடியும் உப்புநீரும் கலந்து
நீர்மோர் நிறத்துக்கு வரும்வரை.
ஐந்து ரோட்டில் ஏதோ லாரி விடாமல் ஹாரன் அடித்தது.
எண்ணிக்கை தவறி
மறுபடி ஒன்றிலிருந்து குலுக்கினேன்.

கட்டிலில் மாதையன், ஐம்பத்து நான்கு வயது,
மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டர்.
கிரியாட்டினின் மூன்றைத் தாண்டிவிட்டது,
சிடி சாயம் சிறுநீரகத்துக்கு ஆகாதென்று
என்னிடம் அனுப்பியிருந்தார்கள்.
ஈரலின் வலது மடலில்
நாவற்பழம் அளவுக்கு ஏதோ ஒன்று,
தான் யாரென்று சொல்லாமல் கிடந்தது.

"என்ன மருந்துங்க மேடம்?"
மருந்தில்லை, குமிழி.
சிவப்பணுவைவிடச் சின்னது.
கொழுப்பில் ஓர் ஓடு, உள்ளே கொஞ்சம் வாயு.
"என்ன வாயு?"
இதுவரை யாரும் கேட்டதில்லை.
சல்ஃபர் ஹெக்ஸாஃப்ளோரைடு என்றேன்,
கடந்துபோய்விடலாமென்று வேகமாக.

எழுந்து உட்காரப் பார்த்தார்.
"எஸ்.எஃப். சிக்ஸா?
அது எங்க பிரேக்கர்ல இருக்கறதுங்க!
நூத்திப்பத்து கேவி கான்டாக்ட் பிரியறப்போ
பாயற நெருப்ப அணைக்கறதே அதுதான்.
கேபிள் பள்ளத்துல தேங்கினா ஆளு மூச்சுமுட்டிப்
போயிருவான்னு ட்ரெயினிங்ல சொன்னாங்க.
அதையா உள்ள விடறீங்க?"

அரைச் சொட்டுகூட இருக்காது என்றேன்.
"அப்பறம் எப்படி வெளிய வரும்?"
ரத்தம் நுரையீரலுக்குப் போகுமல்லவா,
கால் மணி நேரத்தில் மூச்சில் போய்விடும்.
"மூச்சுலயா" என்று
ஒருமுறை விட்டுப் பார்த்துக்கொண்டார்.

இடக்கை நரம்பில் ஏற்றினேன், பின்னாலேயே உப்புநீர்.
கடிகாரம் ஓடத் தொடங்கியது.
இந்த முறையில் ஈரலே திரையிலிருந்து அழிந்துவிடும்,
குமிழிக்கு மட்டும்தான் குரல்.
மெல்லத் தட்டினால் விரிந்து சுருங்கி
நாம் கொடுக்காத ஒரு சுருதியில் பதில் சொல்லும்.
ஓங்கித் தட்டினால் உடையும்.
அதற்கென்றே ஒரு பொத்தான் இருக்கிறது,
அழுத்தினால் அத்தனையும் வெடித்துத் திரை இருண்டுபோகும்.
எங்கெங்கோ அந்த வெடிப்பிலேயே
மருந்தைக் கட்டியின் வாசலில் இறக்குகிறார்களாம்.
சேலத்தில் நான் பார்ப்பதோடு சரி.

பதினான்காம் நொடியில் ஒரு கீற்று.
"மெயின் சார்ஜ் ஆயிருச்சு" என்றார்
கழுத்தைத் திருப்பி.
கிளை, கிளைக்குள் கிளை,
பிறகு வேறொரு பக்கமிருந்து மெதுவாக, அகலமாக.
"இன்னொரு லைன் வருது?"
ஈரலுக்கு இரண்டு வழியில் ரத்தம் வரும்.
"டபுள் ஃபீடரு! கலெக்டர் ஆபீஸ் மாதிரி."
சிரித்ததில் கை நழுவி
அந்த இடத்தையே தொலைத்துவிட்டேன்.
மூச்சைப் பிடிங்க. விடாதீங்க. அங்கேயே இருங்க.

விளிம்பில் திட்டுத்திட்டாக ஒளி.
எல்லாரையும் முந்தி எரிந்து
எல்லாரையும் முந்தி அணைந்தால், கெட்டது.
இதை நான் அவரிடம் சொல்லவில்லை.
அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்,
மீட்டர் பார்ப்பதுபோல.

மூன்று நிமிடம் நாற்பது நொடியில் கரண்ட் போனது.
ஏசி அடங்கியது, யூபிஎஸ் கீச்சிட்டது,
அறையில் மிச்சம் திரை ஒன்றுதான்.
"ட்ரிப்பு" என்றார் இருட்டில்.
"எங்கியோ கொம்பு உரசியிருக்கும். எண்ணுங்க, வந்துரும்."
எண்ணினோம்.
அவருக்கு அந்த எண், எனக்கு இந்த எண்.
எந்தப் பெட்டிக்குள்ளோ அதே வாயு ஒரு நெருப்பை
அணைத்த கையோடு நின்றிருக்க,
இங்கே ஒவ்வொரு திட்டும் உள்நோக்கி நகர்ந்து
பக்கத்துத் திட்டைத் தொட்டது.

விளக்கு வந்தபோது ஐந்தாவது நிமிடம்.
அணையவில்லை.
ரத்தக்குழாய் முடிச்சுதான் என்றேன்,
அதுபாட்டுக்கு இருக்கும்.
நடுவில் கடுகளவு இடம் மட்டும் நிரம்பவில்லை,
அதையும் ரிப்போர்ட்டில் எழுதினேன்,
ஆறு மாதம் கழித்து வரச் சொல்லி.

அரை மணி நேரம் உட்காரச் சொன்ன பெஞ்சில்
சேர்வராயன் தெரியும் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி
சப்ஸ்டேஷனுக்குப் போன் போட்டிருந்தார்.
"எந்த ஃபீடருய்யா? எத்தன செகண்டு?
நா இங்கதான் இருந்தேன், பாத்துக்கிட்டேதான் இருந்தேன்."
அதட்டலோடு கொஞ்சம், சிரிப்போடு கொஞ்சம்,
மணமில்லாமல் நிறமில்லாமல்
வராந்தா காற்றில் கலந்துகொண்டிருந்தது அது.